கண்டென்சேட் பம்ப் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

இரவு ஷிஃப்ட்டில் போன் வரும். "அண்ணா, பி.பி.பி. ஓடலைங்க. கவரைக் கழட்டிரட்டுங்களா?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஸ்பானரைக் கீழ வைப்பா. முதல்ல ரெண்டு நிமிஷம் பக்கத்துல நின்னு காதைக் கொடு."

சாயப்பட்டறை, சைசிங் மில் என்று நீராவி ஓடும் இடங்களில் அலைந்ததில் தெரிந்துகொண்டது இது. இந்தப் பம்ப் நின்றால் பெரும்பாலும் குற்றவாளி பம்ப் அல்ல. அதைச் சுற்றியிருக்கும் நாலு குழாய்கள். கவரைத் திறந்தவுடன் கேஸ்கட் போச்சு, ஒரு ஷிஃப்ட் போச்சு, கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் இந்த வழிமுறையில் கவரைக் கழற்றுவது கடைசியில்தான் வரும்.

பி.பி.பி. என்று ஆலைகளில் சொல்வது பிரஷர் பவர்டு பம்பை. மோட்டார் கிடையாது, சுழன்று தள்ளும் இம்பெல்லர் கிடையாது, மெக்கானிக்கல் சீல் கிடையாது, கரண்ட் இணைப்பே கிடையாது. ஓர் இரும்புப் பானை. அதற்குள் ஒரு மிதவை, மிதவையோடு சேர்ந்த ஸ்பிரிங் மெக்கானிசம். தண்ணீர் உள்ளே வர ஒரு செக் வால்வு (ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு), வெளியே போக ஒன்று. மெஷின்களில் நீராவி சூட்டைக் கொடுத்துவிட்டு நீராகிறதல்லவா, அந்தக் கண்டென்சேட் மேலே இருக்கும் ரிசீவர் தொட்டியில் சேர்ந்து தன் எடையாலேயே பம்புக்குள் இறங்கும். மிதவை உச்சிக்கு வந்ததும் ஸ்பிரிங் 'டக்' என்று மறுபக்கம் சாயும். காற்றும் நீராவியும் வெளியேறும் வென்ட் வால்வு மூடும், தள்ளுவதற்கான மோட்டிவ் நீராவி வால்வு திறக்கும். நீராவி மேலிருந்து அழுத்த, தண்ணீர் பாய்லரின் ஃபீட் டேங்க் பக்கம் கிளம்பும். மிதவை அடிக்கு வந்ததும் மறுபடி ஒரு 'டக்'. மோட்டிவ் மூடி, வென்ட் திறந்து, மிச்ச நீராவி 'புஸ்' என்று வெளியேறும். இந்த டக், புஸ் இரண்டும்தான் பம்பின் நாடி. நாடி பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சாதாரண மோட்டார் பம்பையே வைத்தால் என்ன என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. வைக்கலாம், தண்ணீர் ஆறியிருந்தால். 80 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் 0.47 பார், 95 டிகிரியில் 0.85 பார், 100 டிகிரியில் காற்றழுத்தத்துக்கே சமம். கொதிக்கும் நிலையில் இருக்கும் தண்ணீரை இம்பெல்லரின் கண்ணுக்குள் இழுத்தால், அங்கே அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே அது குமிழாக மாறிவிடும். குமிழ்கள் உடையும்போது கூழாங்கல்லை அரைப்பது போலச் சத்தம் வரும். சில மாதங்களில் இம்பெல்லர் கரையான் அரித்த பலகை மாதிரி ஆகிவிடும். இதற்குப் பயந்து பலர் கண்டென்சேட்டைத் திறந்த தொட்டியில் ஆறவிட்டு 70 டிகிரியில் ஏற்றுகிறார்கள். 95-இலிருந்து 70-க்கு ஆறினால் டன்னுக்கு 25,000 கிலோ கலோரி காற்றோடு போகிறது. ஃபீட் வாட்டர் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம் என்பது பாய்லர் ரூமில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பி.பி.பி. உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. அதனால் தண்ணீர் கொதிநிலையில் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. கரண்ட் போனாலும், பள்ளத்துக்குள் ஈரத்தில் நின்றாலும், தீப்பொறி ஆகாத இடத்தில் வைத்தாலும் அதே கதைதான்.

திருப்பூர்ப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் வைத்துத் தண்ணீரை மீட்காமல் பட்டறையை ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. அவ்வளவு செலவு செய்து தண்ணீரை மீட்கிறவர், சுத்தமான சூடான கண்டென்சேட்டைச் சாக்கடையில் விடுவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கையில் என்ன வேண்டும்?

ஸ்டாப் வாட்ச் வேண்டும், போன் போதும். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். நுனியைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்க. வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் அலுமினிய உறையிலோ புது ஸ்டெயின்லெஸ் குழாயிலோ அது பொய் சொல்லும். பெயின்ட் அடித்த மங்கலான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இவற்றைவிட முக்கியமானது பம்ப் உடம்பிலேயே ஒரு பிரஷர் கேஜ். பெரும்பாலான மாடல்களில் கண்ணாடிக் குழாய்க்கோ கேஜுக்கோ துளை விட்டுப் பிளக் போட்டிருப்பார்கள். ஆலை நின்றிருக்கும் நாளில் அதைக் கழற்றி, சைஃபன் வளைவோடு ஒரு கேஜ் மாட்டிவிடுங்கள். மோட்டிவ் லைனில் இருக்கும் கேஜ் வேறு, இது வேறு. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்த ஒரு கேஜ்தான் பதில் சொல்லும்.

பம்ப் அடிக்கவே இல்லை, ரிசீவர் வழிகிறது

முதலில் நாலு வால்வுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள்: மோட்டிவ், இன்லெட், அவுட்லெட், வென்ட். சிரிக்க வேண்டாம். நான் ஓடிப்போன அழைப்புகளில் எத்தனையோ, யாரோ ஒருவர் மூடிவைத்த வால்வோடு முடிந்திருக்கின்றன.

அடுத்து உடம்புக் கேஜ். மூன்று நிலைகள் வரலாம்.

கேஜில் மோட்டிவ் அழுத்தம் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் மிதவை எழும்பிவிட்டது, மெக்கானிசம் சாய்ந்துவிட்டது, நீராவியும் உள்ளே வந்துவிட்டது. தண்ணீர்தான் வெளியே போக முடியவில்லை. மெக்கானிசம் மேல் பழி போடாதீர்கள். அவுட்லெட் பக்கம் ஏதோ மூடியிருக்கிறது, அல்லது மோட்டிவ் அழுத்தம் போதவில்லை. கணக்கு எளிது. குழாய் 15 மீட்டர் ஏறுகிறது என்றால் 1.5 பார். உரசலுக்கு 0.3. பொது ரிடர்ன் மெயினில் ஏற்கெனவே 0.5 இருக்கிறது. மொத்தம் 2.3 பார், இதுதான் எதிர் அழுத்தம். 2 பார் மோட்டிவ் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது தள்ளாது. ஏற்றத்தைக் கணக்கிடும்போது டேங்க்கின் உயரத்தைப் பார்க்காதீர்கள். குழாய் ரோட்டைத் தாண்டப் பைப் ராக்கில் எவ்வளவு ஏறுகிறதோ அந்த உச்சிதான் கணக்கு. அப்புறம் இறங்குவதற்குக் கழிவு கிடையாது.

கேஜ் பூஜ்யம், ஆனால் உடம்பு மேல்வரை கொதிக்கிறதா? தண்ணீர் நிறைந்தும் மெக்கானிசம் சாயவில்லை. மிதவை ஓட்டையாகித் தண்ணீர் குடித்திருக்கலாம், இணைப்பு பின் கழன்றிருக்கலாம். இப்போதுதான் கவரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் மோட்டிவ் லைனில் உண்மையிலேயே நீராவி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெக்கானிசம் ஒழுங்காகச் சாய்ந்தும் நீராவி வராவிட்டால் கேஜ் இதே பூஜ்யத்தைத்தான் காட்டும்.

கேஜ் பூஜ்யம் அல்லது சொற்பம், உடம்பின் மேல்பாதி ஆறியிருக்கிறதா? தண்ணீர் உள்ளே வரவில்லை. இன்லெட்டில் தூசு பிடிக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், செக் வால்வு மூடிய நிலையில் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் வென்ட் வழியாகக் காற்று வெளியேற முடியாமல் உள்ளே பூட்டிக் கிடக்கும். இந்தக் காற்றுப்பூட்டு விஷயத்தில் வென்ட் குழாயின் வடிவத்தைக் கண்ணால் பின்தொடருங்கள். அது நேராக மேலே போக வேண்டும், அல்லது ரிசீவர் பக்கம் சரிய வேண்டும். நடுவில் தொட்டில் மாதிரி ஒரு தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தங்கி, பம்பின் மூச்சை அடைத்துவிடும்.

புதிதாகப் பொருத்திய பம்ப் முதல் நாளே அடிக்கவில்லை என்றால் செக் வால்வுகளின் அம்புக்குறியைப் பாருங்கள். ஒரு மில்லில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அம்புக்குறி லாகிங்குக்குள் மறைந்திருந்தது. உறையை உரித்துப் பார்த்தால் அவுட்லெட் செக் வால்வு பம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

அடிக்கிறது, ஆனாலும் ரிசீவர் வழிகிறது

இதுதான் ஆளைச் சுற்றலில் விடும் கோளாறு. டக், புஸ் எல்லாம் ஒழுங்காகக் கேட்கும். பம்ப் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் வழிவுக் குழாயில் கொதிநீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்டாப் வாட்சை எடுங்கள். 'புஸ்' கேட்டதிலிருந்து அடுத்த 'டக்' வரை நிறையும் நேரம். அந்த 'டக்'கிலிருந்து அடுத்த 'புஸ்' வரை தள்ளும் நேரம். இரண்டையும் தனித்தனியாக ஐந்து முறை எழுதுங்கள். மொத்தச் சுற்று நேரத்தை மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது.

தள்ளும் நேரம் இழுக்கிறது என்றால் மோட்டிவ் பக்கமோ அவுட்லெட் பக்கமோ சிக்கல். மோட்டிவ் கேஜை ஸ்ட்ரோக், அதாவது தள்ளல், நடக்கும்போது பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்தால், ஸ்ட்ரெய்னர் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் முழு அழுத்தத்தைக் காட்டி ஏமாற்றும். ஸ்ட்ரோக் ஆரம்பித்ததும் முள் சரேலென்று விழுந்தால் ஸ்ட்ரெய்னர் வலையைக் கழுவுங்கள், மோட்டிவ் லைன் அடிப்பகுதியில் இருக்கும் ட்ராப் (நீராவியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வு) வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அந்த ட்ராப் செத்திருந்தால் மோட்டிவ் குழாயில் தண்ணீர் தேங்கி, நீராவிக்குப் பதில் அதுதான் முதலில் பம்புக்குள் வரும்.

நிறையும் நேரம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் ஹெட் போதவில்லை. ரிசீவரின் அடிக்கும் பம்பின் தலைக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று டேப் வைத்து அளங்கள். பல மாடல்களுக்குச் சொல்லப்படும் திறன் 300 மி.மீ. உயரத்தை வைத்துப் போட்டது. பள்ளம் தோண்டச் சோம்பல்பட்டுப் பம்பைத் தரைமேலேயே நிறுத்தி, 100 மி.மீ. கூட விடாமல் ரிசீவரை மாட்டியிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். தண்ணீர் உள்ளே இறங்குவது அந்த உயரத்தின் தயவில்தான். வேறு எந்த விசையும் அதைத் தள்ளவில்லை. இன்லெட் குழாயையோ செக் வால்வையோ ஒரு சைஸ் குறைத்துப் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஹெட் சரியாக இருந்தும் நிறையும் நேரம் இழுக்கிறதா? மோட்டிவ் அழுத்தம் அளவுக்கு மீறி இருக்கிறதா பாருங்கள். பம்ப் போதவில்லை என்று யாராவது அழுத்தம் குறைக்கும் பி.ஆர்.வி. வால்வைத் திருகி 7 பாருக்கு ஏற்றியிருப்பார்கள். தள்ளுவது வேகமாகும்தான். ஆனால் தள்ளி முடித்ததும் அந்த 7 பார் முழுக்க வென்ட் வழியாக இறங்கினால்தான் இன்லெட் செக் வால்வு திறக்கும். வேகத்தில் லாபம் ஒன்றும் இல்லை, நீராவிதான் வீண். எதிர் அழுத்தத்தைவிட 2 முதல் 4 பார் அதிகம் இருந்தால் போதும்.

இரண்டு நேரமும் சரியாகவே இருந்து, ரிசீவர் மட்டும் வழிந்தால்? பம்ப் சின்னது. அல்லது லோடு கணக்கு தப்பு. சாயப்பட்டறைகளில் இந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். துணிக்குச் சாயமேற்றும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 3,000 லிட்டர் தண்ணீரை 15 நிமிடத்தில் 30 டிகிரி ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 90,000 கிலோ கலோரி. 4 பார் நீராவி கிலோவுக்கு ஏறக்குறைய 500 கிலோ கலோரி கொடுக்கும். ஆக 180 கிலோ கண்டென்சேட், 15 நிமிடத்தில். மணிக்கு 720 கிலோ வேகம். துணியும் மெஷின் இரும்பும் சூடாவதைச் சேர்க்கவே இல்லை. நாலு மெஷின் ஒரே நேரத்தில் சூடேறினால் 2,900 கிலோ வேகம். பம்ப் வாங்கியவரோ ஒரு நாளைக்கு எத்தனை டன் நீராவி என்று பாய்லர் மீட்டரைப் பார்த்து 24-ஆல் வகுத்திருப்பார். மணிக்கு 800 கிலோ என்று வந்திருக்கும். சராசரியை நம்பிப் பம்ப் வாங்குவது, ஆற்றின் சராசரி ஆழத்தை நம்பி இறங்குவது மாதிரி. இங்கே தீர்வு ரிசீவரைப் பெரிதாக்குவது, இன்னொரு பம்பைப் பக்கத்தில் போடுவது, அல்லது மெஷின்கள் சூடேறும் நேரத்தைக் கொஞ்சம் விலக்கி வைப்பது. கடைசி யோசனைக்குக் காசு ஆகாது. ஆனால் புரொடக்‌ஷன் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

லோடே இல்லை, நிற்காமல் அடிக்கிறது

மெஷின்கள் நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை. பம்ப் மட்டும் டக், புஸ், டக், புஸ். அனுப்பிய தண்ணீரே திரும்பி வருகிறது என்று அர்த்தம். இன்லெட் வால்வை ஒரு நிமிடம் மூடுங்கள். அப்படியும் அடிக்கிறதா? அவுட்லெட் செக் வால்வு பாஸ் ஆகிறது, அதாவது மூடியும் கசிகிறது. சீட்டில் துருச்செதிலோ வெல்டிங் கட்டியோ மாட்டியிருக்கும், அல்லது சீட்டே தேய்ந்திருக்கும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரிசீவருக்குள் 'குபுகுபு' என்று சத்தம், ரிசீவர் வென்ட்டில் நீராவி பொங்குவது. அது இன்லெட் செக் வால்வு. மோட்டிவ் நீராவி தண்ணீரை ஃபீட் டேங்க்குக்குத் தள்ளாமல் வந்த வழியே ரிசீவருக்குத் தள்ளுகிறது. ஸ்க்ரூ டிரைவரை அந்த வால்வின் மேல் வைத்தால் சீறல் தெளிவாகக் கேட்கும்.

வென்ட்டில் புகை மண்டுகிறது

முதலாளி மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவது இதற்காகத்தான். வெள்ளையாகப் பொங்கும் நீராவியைப் பார்த்தால் பணம் பறப்பது போலத்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதி இயல்பானது. 3 பாரில் இருந்த கண்டென்சேட் திறந்த ரிசீவருக்கு வந்தால் 8 சதவீதம் மறுபடி நீராவியாகும். 7 பாரில் இருந்து வந்தால் 13 சதவீதம். மணிக்கு 1,000 கிலோ வரும் இடத்தில் 7 பார் கணக்குக்கு 130 கிலோ ஃப்ளாஷ் ஸ்டீம். காற்றழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி 1.67 கன மீட்டர் இடம் பிடிக்கும். அதாவது மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே. புகையின் பருமனை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

பார்க்க வேண்டியது, புகை எப்போது வருகிறது என்பதை. மெஷின் சூடேறும்போது கூடி, நிற்கும்போது குறைந்தால் ஃப்ளாஷ். மெஷின்கள் சும்மா இருக்கும்போதும் ஒரே சீராக ஊதினால் உயிர் நீராவி, அதாவது சூட்டைக் கொடுக்காமலே தப்பி வருவது. எங்கிருந்து? மோட்டிவ் வால்வை ஒரு நிமிடம் மூடுங்கள். ஊதல் அடங்கினால் பம்புக்குள் இருக்கும் மோட்டிவ் வால்வு சீட் தேய்ந்திருக்கிறது. அடங்காவிட்டால் மெஷின் பக்கம் ட்ராப் ஏதோ திறந்தபடி செத்திருக்கிறது.

ட்ராப் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போகும் முன், ட்ராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வுகளைப் பாருங்கள். காலையில் மெஷின் சீக்கிரம் சூடாகட்டும் என்று ஆபரேட்டர் பைபாஸைத் திறப்பார், மூட மறந்துவிடுவார். சில இடங்களில் மறதி அல்ல, கொள்கை. "மூடினா சூடு ஏறமாட்டேங்குதுங்க" என்பார்கள். அப்படியானால் அந்த ட்ராப் சின்னது அல்லது அடைத்திருக்கிறது. அதை மாற்றாமல் பைபாஸைப் பூட்டுப்போட்டாலும் நாளைக்குத் திறந்துதான் இருக்கும்.

ரிடர்ன் லைன் 'டமால்' என்று அடிக்கிறது

வாட்டர் ஹேமரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிளேஞ்ச் கேஸ்கட்டைத் தூக்கிவிடும், வார்ப்பிரும்பு வால்வைப் பிளந்துவிடும். கொதிநீர் குழாய் அது. சத்தம் பலமாக இருந்தால் முதலில் பம்பை நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

இங்கும் நேரம்தான் சாட்சி. ஸ்ட்ரோக்கின் எந்தக் கட்டத்தில் அடிக்கிறது?

ஸ்ட்ரோக் முடிந்த மறுகணம் அடித்தால்: நீளமான குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்த் தூண், பின்னால் தள்ளுவது நின்ற பிறகும் தன் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடும். பின்னால் வெற்றிடம் விழும். அந்த வெற்றிடம் தண்ணீரை இழுத்துத் திரும்ப மோதவைக்கும். ஏறி இறங்கி ஏறும் குழாய்களில் இது சகஜம். உச்சிப் புள்ளியில், வெற்றிடம் விழும்போது காற்றை உள்ளே விடும் ஒரு வேக்யூம் பிரேக்கர் போட்டால் அடங்கும்.

ஸ்ட்ரோக் ஆரம்பத்திலேயே அடித்தால்: இடைவேளையில் குழாய் பாதி காலியாகியிருக்கிறது. அவுட்லெட் செக் வால்வு பாஸ் ஆகிறதா, குழாயில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ரோக்கோடு சம்பந்தமே இல்லாமல் அடித்தால்: யாரோ வேறு ட்ராப்பின் வெளியேற்றத்தை இந்த லைனில் இணைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் மிக மோசமான அடி இதுதான். ஒரு பட்டறையில் பம்ப் வைத்து மூன்று மாதம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு பக்கத்து ஷெட்டில் ஒரு டிரையர் வந்தது. அதன் கண்டென்சேட்டுக்குத் தனிக் குழாய் போடச் செலவாகும் என்று, கைக்கெட்டும் தூரத்தில் போன பம்ப் லைனில் ஓட்டை போட்டுச் சேர்த்துவிட்டார்கள். தண்ணீர் நிறைந்த குழாய்க்குள் 5 பார் ட்ராப்பிலிருந்து ஃப்ளாஷ் ஸ்டீம் குமிழாக நுழைந்து, சட்டென்று குளிர்ந்து சுருங்கி, அந்த வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் பாய்ந்து, டமால். பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள், ஸ்பிரிங் மாற்றினார்கள், சப்போர்ட் கிளாம்பு கூட்டினார்கள். டிரையர் ட்ராப்பை ரிசீவருக்குத் திருப்பிய அன்றுதான் சத்தம் நின்றது. பம்ப் தள்ளும் லைன் பம்புக்கு மட்டும்தான். ட்ராப்கள் எல்லாம் ரிசீவருக்கு.

லைன் சைஸையும் ஒருமுறை பாருங்கள். பம்ப் மணிக்கு 1,000 கிலோ என்றால் குழாயில் எப்போதும் அந்த வேகத்தில் ஓடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சுற்றில் கொஞ்ச நேரம்தான் தள்ளுகிறது. அந்த நேரத்தில் ஓட்டம் மூன்று, நாலு மடங்குகூட இருக்கும். குழாயை அதற்குத் தகுந்தாற்போலப் போட வேண்டும்.

நடுவில் தொங்கி நிற்கிறது

டக்கும் இல்லை, புஸ்ஸும் இல்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாத சீறல் மட்டும். மோட்டிவ், வென்ட் இரண்டு வால்வும் பாதி பாதி திறந்தபடி மெக்கானிசம் நடுவில் மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். பின்களில் துருச்சேறு கட்டியிருக்கும். வென்ட்டுக்குப் பதில் ரிடர்ன் லைனில் ஓயாமல் நீராவி ஓடும் சத்தம் வந்தால், தண்ணீரைத் தள்ளி முடித்தும் மெக்கானிசம் திரும்பவில்லை. இரண்டிலும் கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

மூடிய சுற்றில் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் அடி ஆறிக் கிடக்கிறது

ரிசீவர் திறந்திருக்காமல், பம்பின் வென்ட் நேராக எக்ஸ்சேஞ்சரோடு சமன் குழாயால் இணைந்திருக்கும் அமைப்பு இது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வு மூடிக்கொண்டே வரும்போது எக்ஸ்சேஞ்சருக்குள் அழுத்தம் எதிர் அழுத்தத்துக்குக் கீழே இறங்கிவிடும். ட்ராப் மட்டும் இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். அதற்காகத்தான் இங்கே பம்பையும் ட்ராப்பையும் சேர்த்துப் போடுகிறோம்.

இங்கே அடி ஆறியிருந்தால் சமன் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே மோட்டிவ் எது என்றும் கேளுங்கள். திறந்த சுற்றில் கம்ப்ரஸ்டு ஏர் வைத்து ஓட்டலாம், தப்பில்லை. கண்டென்சேட்டில் ஆக்சிஜன் கலந்து குழாய் துருப்பிடிப்பதைத்தான் கவனிக்க வேண்டும். மூடிய சுற்றில் ஏர் கூடவே கூடாது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் எக்ஸ்சேஞ்சருக்குள் காற்றை ஊதி, நீராவி தொட வேண்டிய இடத்தில் போர்வை போர்த்துகிறோம்.

கவரைத் திறப்பதென்றால்

முதலில் மோட்டிவ்வை மூடிப் பூட்டுப் போடுங்கள். அடுத்து இன்லெட், அப்புறம் அவுட்லெட். வென்ட் திறந்தே இருக்கட்டும். அடி வடிகாலைத் திறந்து, தண்ணீர் வருவது நின்ற பிறகும் காத்திருங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். கேஜ் துளை அடைத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். உடம்பு கை வைக்கும் அளவுக்கு ஆறட்டும். போல்ட்களைத் தளர்த்தும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதை முதலில் தளர்த்துங்கள்; ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் போகட்டும்.

மெக்கானிசத்தை வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். தளும்பினால் ஓட்டை. கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெட்டு விழுவது போலச் சாய வேண்டும், இழுத்துக்கொண்டே வந்தால் ஸ்பிரிங் போயிற்று. ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள். உடம்பின் அடியில் சேர்ந்திருக்கும் கறுப்புச் சேற்றை வழித்தெடுங்கள். பழைய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஓட்டும்போது வென்ட் திறந்திருப்பதை உறுதி செய்துவிட்டு, மோட்டிவ்வை மெதுவாகத் திறந்து லைன் தண்ணீர் வடியட்டும். பிறகு அவுட்லெட். கடைசியாக இன்லெட், அதுவும் மெதுவாக. முதல் பத்து ஸ்ட்ரோக்குக்கு அங்கேயே நின்று நிறையும் நேரம், தள்ளும் நேரம் இரண்டையும் எண்ணி, பெயின்ட் மார்க்கரால் தேதியோடு ரிசீவர் மேல் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை போன் வரும்போது நான் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு எண்களைத்தான்.